கரிசல் மட்டை – 11: ஆயிரம் குடம் தண்ணீர்

கோவில்பட்டியில் ஹாக்கி பயின்ற கார்த்தியும் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பை ஆட ஜகார்த்தாவுக்கு விமானம் ஏறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பிளஸ் டூ முடிக்கிற ஹாக்கிப் பிள்ளைகள் கல்லூரிக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

ஹாக்கிக் களத்தின் நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். பெருக்கினால் 5,027 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். களம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் நனைய ஐயாயிரம் லிட்டர் வேண்டும். தெருவுக்கு வரும் டிராக்டர் டேங்கர் ஒன்று அப்படியே காலியாகிவிடும். மூன்று மில்லிமீட்டர் நனைக்க வேண்டுமென்றால் பதினைந்தாயிரம் லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் ஆயிரம் குடம்.

எந்தக் கோவில்பட்டிக்காரரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி பேச்சு நின்றுவிடும். கோடையில் குடிநீர்க் குழாய் எப்போது திறக்கும் என்று காத்துக் கிடந்த தெருக்கள் உள்ள ஊர் இது. குடங்களை வரிசையில் வைத்து இடம்பிடித்து, பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடிய அம்மாக்களின் ஊர். இன்றும் இந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியில் எடுத்து, குழாய் வழியாகத்தான் வருகிறது. ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த ஊர்தான் தமிழ்நாட்டில் ஹாக்கிக்குப் பெயர்போன ஊர். இவ்வளவு தண்ணீர் குடிக்கிற களங்களில் ஆடப்படும் ஆட்டத்தை, தண்ணீர் இல்லாத ஒரு மண் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

களத்தை ஏன் நனைக்க வேண்டும் என்று ஹாக்கி பார்க்காதவர்கள் கேட்கலாம். பெரிய போட்டிகளுக்கான செயற்கை இழைத் தளத்தில் மணல் நிரப்புவதில்லை. இழைகள் குட்டையாக, நெருக்கமாக நிற்கும். காய்ந்து கிடந்தால் பந்து அதில் உரசி வேகம் இழக்கும். மட்டையும் வழுக்கிச் செல்லாது. பந்தைத் தடுக்க விழுகிற பிள்ளையின் முழங்காலில் தோல் வழன்றுவிடும். தீக்காயம் மாதிரியே எரியும் அது. நனைத்துவிட்டால் பந்து தரையோடு ஒட்டி, கோடு கிழித்த மாதிரி ஓடும். ஆட்டம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் களத்தின் ஓரங்களிலிருந்து நீர்த்தாரைகள் எழும்பிச் சுழல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மணல் தூவிய தளம், மணல் நிரப்பிய தளம் என்று தண்ணீர் தேவைப்படாத வகைகளும் உண்டு. ஆனால் பெரிய சர்வதேசப் போட்டிகள் நனைத்து ஆடும் களத்தில்தான் நடந்துவருகின்றன.

இந்தச் செயற்கைத் தளம் ஒலிம்பிக்ஸுக்கு எப்போது வந்தது? 1976, மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஒலிம்பிக் ஹாக்கி ஆடப்பட்டது. அதற்கு முன் ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. தோல்விக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயம் அன்றோடு நிரந்தரமாக மாறிப்போனது. அதுவரை ஹாக்கி ஆடுவதற்குச் சமமான ஒரு தரையும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும் போதும். பள்ளிக்கூட மைதானம் போதும், கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டல் போதும். அதன்பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட தளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேல்மட்ட ஹாக்கி. கிராமத்துப் பிள்ளைக்கும் தேர்வு முகாமுக்கும் நடுவே அன்று விழுந்த பள்ளம் இன்னும் தூரவில்லை.

கரிசலில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். மண்ணின் குணம் அப்படி. கரிசல் களிமண் நீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, சில இடங்களில் கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை பெய்தால் செருப்போடு அரைப்படி மண் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி வெளியே கொட்டிவிட்டுக் கிராவல் நிரப்பித்தான் அஸ்திவாரம் போடுவார்கள். இல்லாவிட்டால் நாலு மழைக்குள் சுவரில் விரிசல் ஓடும். பருத்திக்கும் உளுந்துக்கும் கம்புக்கும் இதைப்போல வேறு மண் கிடையாது. 1901-லேயே இங்கே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகிறார்கள். விதையை ஊறவைத்துக் காயவைத்து, மழைக்கு முன்பே வறண்ட நிலத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் முறை இந்தப் பக்கத்தில் சாதாரணம். விவசாயத்துக்கு இவ்வளவு தோதான மண், ஓடி ஆடும் மைதானத்துக்குத் தோதில்லை. அதனால்தான் இங்குள்ள பழைய ஹாக்கி மைதானங்களில் செம்மண்ணோ சரளையோ பரப்பியிருப்பார்கள். மேலே செம்மண், அடியில் கரிசல். இரண்டு மழைக்காலம் போனால் கரிசல் மேலே எட்டிப் பார்க்கும்.

இப்படிப்பட்ட தரையில்தான் ஒரு பிளஸ் டூ மாணவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், நானும் கேட்டுக்கொண்டேன். காலை ஆறு மணி இருக்கும். மார்கழிப் பனியில் மைதானத்தின் ஓரத்துக் கருவேலஞ்செடிகள் தெளிவாகத் தெரியவில்லை. மட்டையின் பிடியில் பழைய துணி நாடாவுக்கு மேல் புதிய நாடா சுற்றியிருந்தான். மட்டையின் முனை, அதாவது வளைந்த பகுதியின் நுனி, சரளையில் உரசி உரசித் தேய்ந்து, உள்ளேயிருக்கும் இழை வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, பசை தடவிக் காயவைத்திருந்தான். அந்த இடம் மட்டும் கெட்டியாக, கறுப்பாக இருந்தது. மட்டையின் தட்டையான பக்கத்தில்தான் பந்தை ஆடலாம் என்பது விதி. இடதுகைக்காரர்களுக்கென்று தனி மட்டையே ஹாக்கியில் கிடையாது. இவன் சாப்பிடுவது, எழுதுவது தவிர எல்லாவற்றுக்கும் இடதுகைக்காரன். மட்டையை மட்டும் எல்லோரையும் போலத்தான் பிடிக்கிறான்.

பந்தை நிறுத்துகிறான். பத்தடி தள்ளி நிற்கும் தோழன் அடிக்கிற பந்து, நடுவழியில் ஒரு கல்லைத் தட்டித் துள்ளுகிறது. இவன் முழங்காலை மடக்கி, உடம்பைப் பந்தின் பின்னால் கொண்டுவந்து, மட்டையை நிமிர்த்திப் பிடிக்கிறான். பந்து மட்டையில் பட்டு முன்னால் விழுகிறது. மறுபடியும். மறுபடியும். சில பந்துகள் மட்டையைத் தாண்டிக் கணுக்காலில் மோதுகின்றன. அவன் முகம் சுளிப்பதில்லை. சரளைத் தரையில் வளர்ந்த பிள்ளைக்குப் பந்து எங்கே துள்ளும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு இருக்கும். கை மென்மையாக இருக்கும், கண் கூர்மையாக இருக்கும். அதே பிள்ளையைச் செயற்கைத் தளத்தில் இறக்கினால் முதல் வாரம் தடுமாறுவான். பந்து துள்ளாது, ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். மட்டையை நிமிர்த்திப் பிடித்தால் பந்து அடியில் புகுந்துவிடும். கிட்டத்தட்ட தரையோடு படுக்கவைத்துத் தடுக்க வேண்டும். இடுப்பு இன்னும் இறங்க வேண்டும். ஏழெட்டு வருடம் உடம்பு பழகிய ஒன்றை அவிழ்த்துவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"எந்தக் காலேஜ்ல சேரணும்னு நினைக்கே தம்பி?" என்று கேட்டேன்.

"டீம் இருக்க காலேஜ்தான் சார். வருசா வருசம் யுனிவர்சிட்டி மேட்சுக்குக் கூட்டிட்டுப் போற காலேஜா இருக்கணும்."

"என்ன குரூப்பு படிக்கணும்?"

"அது எதுனாலும் சரி சார்."

அவன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "விளையாடட்டும் சார், நான் வேண்டாங்கல. பிளஸ் டூவும் பாசாகணும்லா?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு மட்டையின் நாடாவைச் சரிசெய்தான். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் இந்த வட்டாரத்தின் அத்தனை ஹாக்கிப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

பிளஸ் டூ என்றால் தெரியும்தானே. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு. வாரத்தில் இருக்கிற ஒன்றிரண்டு விளையாட்டு வகுப்பையும் கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் எழுதாத வழக்கமாகிவிட்டது. குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, வருவாய் மாவட்டப் போட்டியில் ஜெயித்து, மாநில அளவுக்குப் போகும் பிள்ளை, போட்டிக்காக விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் நடத்திய பாடத்தை யாரிடம் கேட்பது? அதைத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அது ஆசிரியரின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, பள்ளியின் ஏற்பாடாகவே இருக்க வேண்டும்.

சரி, ஜகார்த்தாவுக்கு வருகிறேன். தேதிகளைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

2022 மே 17 முதல் 29 வரை ஆண்களுக்கான 12-வது தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டி நடந்தது கோவில்பட்டியில். நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த அணிகள் கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில் ஆடின. கோவில்பட்டி வெயிலில், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடினார்கள். ஒவ்வொரு கோடையிலும் இந்த ஊரில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு நல்ல ஆட்டம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேசிய ஜூனியர் போட்டி நடுவாந்திரத்தில் இருக்கும்போது, மே 23 அன்று, ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை தொடங்கியது. இந்தியாவின் முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. முதல் கால்பகுதியில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் செல்வம் கார்த்தி. அரியலூர்ப் பிள்ளை, தந்தை காவலாளி. ஹாக்கி பயின்றது கோவில்பட்டியில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மையத்தில். அதே அணியில் கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்த, கூலித் தொழிலாளியின் மகன் மாரீஸ்வரன் சக்திவேல். ஆக, கிருஷ்ணா நகரில் தேசிய ஜூனியர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், இந்த ஊரில் பயிற்சி பெற்ற இரண்டு பேர் கடல்கடந்து இந்தியச் சட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தேதிப் பொருத்தத்தை இந்த வாரம் கண்டுகொண்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

பாகிஸ்தான் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் அடித்து ஆட்டத்தை 1–1 என்று சமன் செய்தது. அடுத்து ஜப்பானிடம் தோற்றோம். மே 26 அன்று இந்தோனேசியாவோடு மோதும்போது இந்தியா முன்னேற வேண்டுமானால் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற நிலை. ஹாக்கியில் பதினைந்து கோல் என்பது ஆசைப்படுவதற்கே கூச்சப்பட வேண்டிய எண். இந்தியா 16–0 என்று ஜெயித்தது. அதனால் பாகிஸ்தான் வெளியேறியது. வெளியேறியதோடு 2023 உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையும் இழந்தது. ஜூன் 1 அன்று ஜப்பானை 1–0 என்று வென்று இந்தியா வெண்கலம் வாங்கியது. மூத்த வீரர்கள் பலர் இல்லாமல், பெரும்பாலும் இளைஞர்களை அனுப்பிய அணி அது. சர்தார் சிங் பயிற்சியாளர், பிரேந்திர லக்ரா கேப்டன். அந்த இளைஞர்களில் இருவர் நம் பக்கத்துப் பிள்ளைகள்.

அடுத்த வருடம் நடந்ததை நான் இன்னும் ஆச்சரியத்தோடுதான் பார்க்கிறேன். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. அதற்காகப் புதுத் தளம் போட்டார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பயன்படப் போகிற அதே வகைத் தளம். அந்தத் தளத்தின் இழையில் 80 விழுக்காடு எதிலிருந்து வந்தது தெரியுமா? கரும்பிலிருந்து. கரும்பின் சாறு வழியாகத் தயாரித்த மூலப்பொருளை இழையாக நூற்றிருக்கிறார்கள். முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அது 60 விழுக்காடாக இருந்தது. பாரிஸ் தளம் முன்பைவிடக் குறைந்த தண்ணீரில் ஆடும்படி செய்யப்பட்டது. சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தண்ணீரே தேவைப்படாத தளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 6 அன்று மலேசியாவுக்கு எதிராக இந்தியா 5–0 என்று ஜெயித்தது. முதல் கோலை அடித்தவர் கார்த்தி. சென்னை ரசிகர்கள் எழுப்பிய சத்தம் தொலைக்காட்சியில் வர்ணனையாளரின் குரலை மூடியது. பாரிஸுக்கு முன்பே, பாரிஸ் தளத்தில், கரிசல் மண்ணில் ஹாக்கி கற்ற ஒரு பிள்ளை அடித்த கோல். இறுதிப் போட்டியில் மலேசியாவையே 4–3 என்று வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது.

கரும்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை இந்த மண்ணின் கடலை. கரிசலில் விளைந்த பருப்பின் ருசி வேறு. ஆனால் வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வருகிறது, மானாவாரிக் காட்டில் கரும்பு விளையாது. தண்ணீர் தாமிரபரணித் தண்ணீர். பக்கத்து மண்ணிலிருந்து இனிப்பையும் நீரையும் வாங்கி, தன் கடலையைச் சேர்த்து, இந்த ஊர் தன் பெயரில் ஒரு பண்டத்தை உலகுக்குக் கொடுத்திருக்கிறது. பயிற்சி முடிந்து வியர்வையோடு உட்காரும் பிள்ளைகளுக்குச் சத்தான, மலிவான தின்பண்டம் அது. புரதமாவு டப்பா வாங்க முடியாத வீட்டில் கடலைமிட்டாய் வாங்க முடியும். விளையாட்டு விடுதிகளிலும் பள்ளிகளிலும் இதைத் தினசரி கொடுத்தால் என்ன என்று எனக்குப் பல காலமாக ஒரு கேள்வி உண்டு.

இப்போது கல்லூரி.

பிளஸ் டூ முடிந்ததும் ஒரு ஹாக்கிப் பிள்ளைக்கு முன்னால் திறக்கிற கதவுகளில் முதலில் எல்லோரும் பேசுவது விளையாட்டு ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள். சான்றிதழ்களின் தரத்தை வைத்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். இந்தியாவுக்காக ஆடியவர்கள் மேலே, மாநிலத்துக்காக ஆடியவர்கள் அடுத்து என்று இறங்கும். கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் தங்கள் அணிக்கு ஆள் தேவைப்பட்டால் தாங்களே ஆட்டத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. கோவில்பட்டியிலேயே 1966-ல் தொடங்கிய கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி இருக்கிறது, கே.ஆர். குழுமத்தின் கல்லூரிகள் இருக்கின்றன, அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கலைக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

என் கவலை சீட்டைப் பற்றியதல்ல. சீட்டுக் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்துவிட்டு, முதல் செமஸ்டரிலேயே மட்டையைப் பரணில் போட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சேர்ந்த கல்லூரியில் ஹாக்கி அணியே இல்லாவிட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாக எங்கே போய் ஆடுவான்? ஹாக்கிக்குப் பதினொரு பேர் வேண்டும், மாற்று வீரர்கள் வேண்டும், கோல்கீப்பருக்குக் கால்கவசம் முதல் தலைக்கவசம் வரை தனிச் செலவு உண்டு. ஓட்டப்பந்தய வீரன் தனியாகக்கூட ஓடிப் பழகலாம். ஹாக்கிக்காரன் தனியாக ஆட முடியாது. அதனால்தான் அந்தப் பையன் படிப்பு எதுவானாலும் சரி, டீம் இருக்க வேண்டும் என்றான். அவன் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை, நன்றாக யோசித்துச் சொன்னது.

கல்லூரி அணி இருந்தால் அடுத்த படி திறக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு என்று தெற்கின் பல்கலைக்கழகங்கள் மோதும் இடம் அது. மண்டலத்தில் முன்னணியில் வருகிற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கும் முன்னணியில் வந்தால் 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. இத்தனை படியையும் ஏறிய பிள்ளை ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, ராணுவ அணிகளின் பார்வையில் படுவான். அங்கே வேலை கிடைத்தால் ஹாக்கியே சோறு போடும். பள்ளியில் ஆடும் பிள்ளையை வேலை கிடைக்கும் வரை ஆட்டத்தில் பிடித்து வைத்திருக்கிற கயிறு கல்லூரி அணிதான். அந்தக் கயிறு அறுந்த இடத்தில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் நமக்குத் தெரியாமலே காணாமல் போயிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு இன்னும் மெல்லியது. பள்ளியில் ஆடிய பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தபின், மாலைப் பயிற்சிக்கு நின்றுவிட்டு இருட்டில் பஸ் ஏறி ஊருக்குப் போவதை எத்தனை வீடு ஒப்புக்கொள்ளும்? கல்லூரிக்குள்ளேயே விடுதியும், காலைப் பயிற்சியும், கூடவே போகப் பெண் பயிற்சியாளரும் இருந்தால் ஒப்புக்கொள்ளும். இதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

ஐந்தாறு ஆண்டுகள் ஆணையத்தின் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் உருவானது. அதன் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு ஆள் எடுப்பார்கள். விடுதியில் நல்ல சாப்பாடு, பயிற்சி, தளம் எல்லாம் இருக்கும். பிளஸ் டூ முடிந்ததும் விடுதி முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அன்றிலிருந்து தினமும் முட்டையும் பாலும் யார் கொடுப்பது, எந்தத் தளத்தில் ஓடுவது? சில பேர் சிறப்பு மையங்களில் தொடர்கிறார்கள், கார்த்தி, மாரீஸ்வரன் போல. மிச்சப் பேருக்குக் கல்லூரிதான் வழி. கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு ஹாக்கிப் பிள்ளையைச் சேர்த்தால், அந்தப் பிள்ளை மூன்று வருடமும் ஆடுவதற்கான அணியையும் வைத்திருங்கள். சொந்தத் தளம் இல்லையென்றால் கிருஷ்ணா நகர்த் தளத்தில் வாரத்தில் மூன்று நாளாவது நேரம் வாங்கித் தாருங்கள். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, 24 நாடுகள் வந்தன. கோவில்பட்டியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் மதுரையில் உலகத் தரத்துத் தளம் கிடக்கிறது. அதில் நம் கல்லூரி அணிகள் வருடத்துக்கு ஒரு முகாமாவது ஆட முடியாதா?

இந்த வாரம் தண்ணீரும் கரும்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சான்றிதழ் விவகாரத்தை அடுத்த வாரம் முழுமையாக எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை மட்டும் செய்துவையுங்கள், வீட்டில் ஆடுகிற பிள்ளை இருந்தால். போட்டியில் கலந்துகொண்டதற்கு அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் வேறு, மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கும் படிவம் வேறு. அந்தப் படிவங்களுக்கு எண் உண்டு: நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குப் படிவம் 3, பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. ஒவ்வொன்றிலும் உரிய அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். படிவம் 3-ல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரியும், படிவம் 4-ல் மாநிலக் கல்வித்துறை இயக்குநர் நிலையில் உள்ளவரும் கையெழுத்திட வேண்டும். ஆடி முடித்து நாலைந்து வருடம் கழித்து அலைந்தால் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. ஆடிய வருடத்திலேயே வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகலும் எடுத்து வைத்துவிடுங்கள்.